பல்லு பாயும் ஈறு வைத்த எஞ்சினும்

என் வாழ்நாளில் எனக்கு வந்த கோபத்தையெல்லாம் அள்ளி ஒரு லாரியில் ஏற்றினால், அதில் பாதி பல்லு பாய்க்குச் சேர வேண்டியது. மீதியை என் கணவர், என் மாமியார், பக்கத்து வீட்டுச் சேவல் மூவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். எங்கள் மலேசிய ஊரான ஈப்போவில் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரர் அவருக்கு முன்பு பிறந்ததில்லை. பிறந்திருந்தால் வெள்ளைக்காரன் அப்போதே ஊரை விட்டு ஓடியிருப்பான்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும், யாரும் கேட்டதில்லை. பழைய டவுனில் பொய்ப்பல் கட்டும் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம், ஆகவே பல்லு பாய். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கடை போட்டுச் செழிப்பாக இருந்தார்கள். நீங்கள் மட்டும் ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டால், "அவங்க சீனிய அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி கலக்கி ஊரு பல்லயெல்லாம் கெடுக்குறாங்க. நான் பின்னாலயே போயி சரி பண்றேன்லா" என்பார். கை நல்ல கை. அதை நான் கோபத்திலும் மறுக்க மாட்டேன். எழுபதுகளில் செமோர் ஊரிலிருந்து பத்து காஜா ஊர் வரை ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் சிரித்தால், அதில் கால்வாசிச் சிரிப்பு பாய் கட்டியது.

ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அது ஒரு எஞ்சின்.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் அவசர அவசரமாக ஒரு குட்டி நீராவி எஞ்சினைச் செய்தார்களாம். முதுகில் சேணம் மாதிரி தண்ணீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டு, ரயில்வே யார்டில் பெட்டிகளை அங்குமிங்கும் தள்ளிவிடுகிற ஷன்டிங் எஞ்சின். அழகு கிடையாது, அலங்காரம் கிடையாது. சண்டை முடிகிற வரை ஓடினால் போதும் என்று செய்தது. சண்டை முடிந்ததும் அதில் ஒன்று ஈப்போ யார்டுக்கு வந்தது என்றும், சின்ன வயதில் வேலியில் தொங்கிக்கொண்டு தினமும் அதைப் பார்த்ததாகவும் பாய் சொல்வார். ரயில்வேக்காரர்கள் யாரும் அதை உறுதிப்படுத்தியதில்லை. மறுத்தவர்களோடு பாய் பேசுவதை நிறுத்திவிட்டார். பிறகு வந்த டீசல் எஞ்சின்களை அவர் எஞ்சின் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. "அது இஞ்சினா? ஓடுற அலமாரிலா அது" என்பார்.

அந்தப் போர்க்கால எஞ்சினின் உள்ளங்கை அளவு மாடல் ஒன்று அவரிடம் இருந்தது. பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னவர்களின் பல் ஒரு வாரம் தாமதமாகும். பத்து காஜா பக்கம் ஈயச் சுரங்கம் பார்த்த ஒரு துரை ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். எல்லாரும் ஐஸ்பெட்டிக்கும் மேசை நாற்காலிக்கும் அடித்துக்கொண்டிருக்க, பாய் இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் செய்தது, கையில் எடுத்தால் நன்றாகக் கனக்கும்.

பாய் கடைக்கு நேர் எதிரே இன்னொரு பல் கடை. நடத்தியவர் ஒரு சீனர். வாய் நிறையத் தங்கப்பல். தவுக்கே என்றால் எங்கள் ஊரில் முதலாளி; ஆகவே அவர் தங்கப்பல் தவுக்கே. ஒரே தொழில், எதிரெதிர்க் கடை. இருந்தும் இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள், தவுக்கே ஒருமுறை ஹாங்காங் போய் வரும் வரை. அங்கே அதே எஞ்சினை வேறொரு கம்பெனி பிளாஸ்டிக்கில் செய்து விற்றது. தவுக்கே ஆசையாக ஒன்று வாங்கி வந்து, பாயின் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றோடு நட்பு முடிந்தது.

இரண்டும் ஒன்றுபோல இல்லை. தவுக்கேயின் எஞ்சினில் சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வேறு ஏதோ எஞ்சினின் அடிப்பாகத்தை மாட்டிவிட்டார்கள் என்பது பாயின் குற்றச்சாட்டு. மோட்டாருக்கு இடம் வேண்டும் என்று தண்ணீர்த் தொட்டியையும் தூக்கி வைத்துவிட்டார்களாம். "கீழ் வரிசயும் மேல் வரிசயும் சேரல. இந்த மாதிரி ஒரு செட்டு பல்லு கட்டிக் குடுத்தா ஆளு என்னய வெட்டிப்புடுவான்" என்றார். தவுக்கே விடவில்லை. பாயின் எஞ்சினில் பின்னால் நிலக்கரி போடுகிற பெட்டி குட்டையாக இருக்கிறது, நாலு கரண்டி கரிகூடக் கொள்ளாது, யார்டைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும் என்று தெரு கேட்கச் சிரித்தார். பாய் தன் எஞ்சினை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். அதற்குப் பிறகு சில வருஷங்கள் அவர்களுக்குள் பேச்சு கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பல் இல்லாத பொதுமக்கள்தான். யாருடைய எஞ்சின் சரி என்று சொல்லாமல் இரண்டு கடையிலும் வாயைத் திறக்க முடியாது.

இந்த நேரத்தில்தான் என் அப்பா சவரிமுத்துவின் கடைசிப் பல்லும் விழுந்தது.

அப்பா தோட்டத்தில் பிறந்து, ஈப்போ ரயில்வே யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அது தெரிந்ததும் பாய் துள்ளிக் குதித்தார். தன் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதாக நினைத்தார். அப்பாவை நாற்காலியில் சாய்த்து, அச்சு எடுக்கும் பசையை வாய் நிறைய அடைத்தார். அது இறுகும் வரை ஆள் வாயை அசைக்க முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. அந்த நேரம் பார்த்துத் தன் எஞ்சினை ஒரு கையிலும், தவுக்கேயின் எஞ்சினைப் போலவே மெழுகில் தானே செய்த ஒன்றை மறு கையிலும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மெழுகு எஞ்சினில் குறைகளைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தார்.

"சவரி அண்ணே, பேச வேணாம். தலய மட்டும் ஆட்டுங்க. யார்டுல நின்னது இதா, இதா?"

அப்பா கண்ணை உருட்டினார்.

"உருட்டாதீங்க அண்ணே. ஆட்டுங்க."

பசையை எடுத்ததும் அப்பா வெடித்தார். "அது கறுப்பா இருந்திச்சு! பொகை விட்டிச்சு! மழை வந்தா அதுக்குப் பின்னால ஒதுங்கி நிப்போம்! இதுக்கு மேல என்னா எழவு தெரியணும் ஒனக்கு?"

"அவ்ளோ காலம் கூடவே இருந்திட்டு தண்ணித் தொட்டியப் பார்க்கலியா அண்ணே?" பாயின் குரல் உடைந்துவிட்டது.

"நீ ஒன் பொண்டாட்டி மூக்க அளந்து பார்த்துட்டுத்தான் குடும்பம் நடத்துறியா?"

இது நடந்து சில நாளில் எனக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஸ்டீபனுக்குக் கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை. ஸ்டீபனின் அம்மா செசிலியா, அந்தப் பக்கத்தில் பெயர் போன கண்டிப்புக்காரி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா எழுந்து நின்று, எல்லாரும் கேட்கும்படி, மகளைத் தரச் சம்மதம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். "வாக்கு தெளிவா வரணும். மொனவுறது முக்குறதெல்லாம் எங்க குடும்பத்துல செல்லாது" என்று செசிலியா அத்தை முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பாவோ, "பொக்க வாயோட நின்னு என் மகளக் குடுக்க மாட்டேன்" என்று ஒரே பிடி. திட்டினால் எப்படியோ புரிந்துவிடும்; சம்மதம் என்று சொல்லிப் பார்த்தால் அவர் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. ஆக, என் கல்யாணமே பாயின் கையில் இருந்தது.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் கடைக்குப் போனேன். பாய் முகம் மலர்ந்து வரவேற்றார். "வா ஜெசி, வா. முடிஞ்சிருச்சு. பாரு." நான் அப்பாவின் பல்லைத் தேடினேன். அவர் நீட்டியது எஞ்சினை. குட்டையாக இருந்த கரிப்பெட்டியை நீட்டி, உயர்த்தி, ஓரம் இழைத்து, பிரமாதமாகச் செய்திருந்தார். எதில்? பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற ரோஸ் பவுடரில். கறுப்பு எஞ்சினுக்குப் பின்னால் பளபளவென்று ஒரு ரோஸ் ஈறு.

"பெயின்ட் அடிச்சா தெரியாதுலா" என்றார்.

"அப்பா பல்லு எங்க பாய்?"

"மெழுகுல நிறுத்தி வச்சிட்டேன். பவுடர்ல வாக்கணும். பவுடர் தீந்திருச்சு. பினாங்கிலேருந்து வரும்."

"எப்படித் தீந்துச்சு?"

பாய் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று நான் அந்தக் கடையில் கத்திய கத்தலுக்கு, எதிர்க் கடையிலிருந்து தவுக்கே எட்டிப் பார்த்தார். பாய்க்குக் கவலை நான் கத்தியது அல்ல, தவுக்கே ரோஸ் நிறத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான். எஞ்சினைக் கைக்குட்டையால் மூடினார். எனக்குக் கை பரபரத்தது.

பினாங்கிலிருந்து பவுடர் வரவில்லை. நிச்சய நாளான ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வீடு நிறைய ஆட்கள். பாய் மோட்டார் சைக்கிளில் வந்து பின்வாசல் வழியாக நுழைந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின், உள்ளே ஐஸ்கட்டி, ஐஸ்கட்டி நடுவில் மெழுகில் நிறுத்திய அப்பாவின் பல் செட். அளவு பார்க்கத்தான் அப்படி வைப்பார்கள். போட்டுக்கொண்டு ஊர்வலம் போக அல்ல.

"அண்ணே, இப்போதைக்கி இத வச்சுப் பேசிடுங்க. சூடு ஆகாது. வெத்தல ஆகாது. கோவமும் ஆகாது."

"கோவம் ஏண்டா ஆகாது?"

"கோவம் வந்தா பல்லக் கடிப்பீங்கலா."

நான் தேத்தண்ணித் தட்டோடு வந்தேன். அப்பாவுக்கு மட்டும் ஆறினது, ஓரமாக வைத்திருந்தேன். செசிலியா அத்தை மரியாதை தெரிந்தவர். ஆவி பறக்கிற கிளாஸை எடுத்துத் தன் கையாலேயே அப்பாவிடம் நீட்டினார். "சம்பந்தி குடிக்காம நான் குடிக்க மாட்டேன்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சமையலறைக் கதவைப் பார்த்தேன். கதவிடுக்கில் பாய் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் மரியாதை தெரிந்தவர்தான். குடித்தார்.

பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, "என் மகளை..." என்று ஆரம்பித்தார். முன்பல் இரண்டும் மெதுவாகச் சாய்ந்து ஒன்றன் தோளில் ஒன்று தலை வைத்துக்கொண்டன. மூன்றாவது பல் வெற்றிலைத் தட்டில் விழுந்தது.

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது பேர் இரைந்துகொண்டிருந்த யார்டில் வேலை பார்த்த மனுஷன் அவர், சத்தம் போட்டே வாழ்ந்தவர். அந்தக் கதவு சத்தமே இல்லாமல் மூடியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செசிலியா அத்தை எழுந்தார். "என்னாங்க இது? பொண்ணு வீட்டுல பல்லும் மெழுகு, பேச்சும் மெழுகா? அவரு வாயால முழுசா சொல்லாம தட்டு மாத்த மாட்டோம். சாயங்கால பஸ்ஸுக்கு நாங்க கெளம்பியாவணும். அதுக்குள்ள சொன்னா சரி. இல்லன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுடலாம்."

நான் சமையலறைக்குள் போய்ப் பாயின் சட்டையைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் நிஜமாகவே பிடித்தேன். ஊரில் ஞாயிற்றுக்கிழமை அந்த ரோஸ் பவுடர் வைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் தங்கப்பல் தவுக்கே என்று எனக்கே தெரியும்.

"அவன் கடைக்கா? பினாங்குக்கு நடந்தே போவேன் ஜெசி. அங்க மட்டும் போவ மாட்டேன்."

"நீங்க பினாங்குக்குப் போங்க, சீனாவுக்குப் போங்க. எங்கப்பா உள்ள கதவ சாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு பாய்! அவரு பல்லத்தான உங்க இஞ்சினுக்குப் பின்னால ஒட்டி வச்சிருக்கீங்க!"

பாய் போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார். நான் நிச்சயப் பட்டுப்புடவையோடு, மடியில் பிஸ்கட் டின்னோடு, பின்னால் உட்கார்ந்தேன். பழைய டவுன் வரை அவர் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனேன்.

தவுக்கே பனியனோடு கடைக்குள் இருந்தார். மேசையில் வட்டமாகத் தண்டவாளம். அவருடைய பிளாஸ்டிக் எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. பாய் கடைக்கு வெளியே கூரை போட்ட நடைபாதையிலேயே நின்றுவிட்டார். நான்தான் உள்ளே போய், எனக்குத் தெரிந்த, சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் அப்பா, பல், தேத்தண்ணி, மாமியார் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். தவுக்கே பொறுமையாகக் கேட்டார். பவுடர் இருக்கிறது என்றார். எடுத்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சியாப்பா பூஞா பெத்துல்?" யாருடையது சரி?

பாய், வாடிக்கையாளர்களிடம் நாளைக்கு, நாளன்றைக்கு என்று கண் சிமிட்டாமல் பொய் சொல்கிற மனிதர், வாயைத் திறக்க மாட்டேன் என்று நின்றார். எனக்கு அங்கேயே தலையை முட்டிக்கொள்ளத் தோன்றியது. ஒரு வார்த்தை, வாயில் வந்ததைச் சொல்லித் தொலைத்தால் என்ன? பாய் மெல்ல உள்ளே வந்தார். சட்டைப்பையிலிருந்து தன் எஞ்சினை எடுத்து, கைக்குட்டையைப் பிரித்து, ரோஸ் ஈறு தெரியத் தெரியத் தவுக்கேயின் தண்டவாளத்தில் வைத்தார். சில வருஷங்களுக்குப் பிறகு இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பாய் இரண்டையும் பார்த்தார்.

"லூ பூஞா பெத்துல்" என்றார். உன்னுடையதுதான் சரி.

தவுக்கே சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பவுடரோடு சேர்த்து, குழைக்கிற மருந்துத் தண்ணீரையும் கொடுத்து, நாங்கள் கிளம்பும்போது கதவு வரை வந்தார்.

திரும்பி வருகிற வழியில் கேட்டேன். "பாய், நெஜமாவே அவருதுதான் சரியா?"

மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. "சரியா? ஒரு சக்கரமாச்சும் எடத்துல இருக்காலா அதுல? கண்ணு தெரியாதவன் செஞ்ச மாதிரி! அதப் போயி... அதப் போயி என் வாயால..." கோபம் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சமையலறையை அவர் ஒரு பல் கடையாக்கினார். சாய்ந்த பற்களை நிமிர்த்தி, மாவுக்கட்டுக்குள் பதித்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, பவுடரைக் குழைத்து அடைத்து, இரும்புப் பிடியில் இறுக்கினார். அதை வேக வைக்கச் சட்டி கேட்டார். கொடுத்தேன்.

"பன்னி ஆக்காத சட்டிதானே?"

"பாய், அது எங்கப்பா வாய்க்குப் போவுற பல்லு!"

"தொடுறது நான்லா."

கோழிக்கறி ஒரு அடுப்பில், அப்பாவின் பல் மறு அடுப்பில். மருந்து நெடி வீடெங்கும் பரவி, செசிலியா அத்தை என்ன நாற்றம் என்று சண்டை பிடிக்க உள்ளே வந்தார். வந்தவர் நின்று பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில், "எனக்கும் கீழ வரிச ஆடுது, என்னான்னு பாருங்க பாய்" என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது என்று யாரோ வந்து சொன்னபோது, வாயைத் திறந்தபடியே கையை வீசி அவரைப் போகச் சொன்னார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். "என் மகள் ஜெசிந்தாவை உங்க வீட்டுக்குத் தர எனக்குச் சம்மதம்" என்றார். யார்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்துகிற அதே குரல். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தட்டு மாற்றினோம். பாய் சமையலறையில் என் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தவுக்கேயும் பாயும் மறுபடி ஒன்றாகக் கோப்பி குடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் தவுக்கே அந்த வெற்றியைச் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. எண்பதுகள் முழுக்க, கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும், பாய் தன் வாயாலேயே தோற்றதை ஒப்புக்கொண்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு பெண்ணின் நிச்சயத்துக்காகச் சொன்னேன் என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. கோப்பியை ஊதிக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது தவுக்கே மேலா, பாய் மேலா, என் மேலேயா என்று எனக்கே தெரியாது.

இப்போது இருவரும் இல்லை. எனக்கும் எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சக்கரம் எங்கே இருக்க வேண்டும், தொட்டி எவ்வளவு உயரம் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் பல்லு பாயின் எஞ்சின்தான் சரி. இல்லை என்கிறவர்கள் நேரே என் வீட்டுக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.